சங்கு என்றால் எந்தச் சங்கு?

வாப்பா காலத்திலிருந்து கீழக்கரையில் எங்களுக்குச் சங்கு யாவாரம். இந்தச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தொண்டித் தங்கச்சி: "சங்கை நெரிச்சுருவேன்" என்கிறார்களே, கழுத்து எப்படிச் சங்கானது?

பெண்ணின் கழுத்துக்குச் சங்கை உவமை சொல்வது புலவர்களின் பழைய வழக்கம். நாம் அதையே சண்டைக்கு எடுத்துக்கொண்டோம் போல. சங்குக்கு வடமொழியில் சங்கம் என்று பெயர். ஆயுர்வேதத்தில் சங்கம் என்றால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் நெற்றிப்பொட்டு. அடிபட்டால் உயிரே போகும் என்று வர்மத்தில் சேர்த்திருக்கிறார்கள். மூக்குக்குள் சுருண்டிருக்கும் எலும்புக்கு டாக்டர்கள் சொல்லும் 'காங்கா' லத்தீன் சொல். அதற்கும் சிப்பி, சங்கு என்றுதான் பொருள்.

ராமேஸ்வரம் தம்பி: எங்கள் சங்குமால் போலச் சங்குப் பெயரில் வேறு ஊர் உண்டா?

திருவனந்தபுரத்தில் சங்குமுகம் கடற்கரை இருக்கிறது. பெயரில் சங்கு இல்லாத அழகன்குளத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். வைகை கடலில் சேரும் பக்கம், தோண்டிய குழிகளில் ரோமானியக் காசும் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் இன்றும் சங்கு வளையல் போடுகிறார்கள். எங்கள் சரக்கு பெரும்பாலும் கல்கத்தாவுக்குத்தான் போனது.

மண்டபம் அண்ணன்: சங்கு பெருமாளுக்கு மட்டும்தானா?

இல்லண்ணே. சமணர்களின் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதருக்கு அடையாளமே சங்குதான். பௌத்தர்களின் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்று வலம்புரி. கார்த்திகைச் சோமவாரத்தில் சிவனுக்கு 108, 1008 என்று சங்காபிஷேகம் நடக்கிறது. சாவுக்கும் அதே சங்கை ஊதுகிறோம்.

பரமக்குடி அக்கா: வலம்புரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்கின் வால், அதாவது குறுகி நீளும் முனை, மேலே பார்க்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்தால் சாதாரண இடம்புரி, வலப்பக்கம் என்றால் வலம்புரி. விஞ்ஞானிகள் வாலுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கூரான உச்சியை மேலே வைத்துப் பார்ப்பதால் அவர்களுக்கு வலமும் இடமும் மாறிவிடும். இதோடு விடாதீர்கள். அமெரிக்கக் கடலில் ஒரு நத்தையின் ஓடு இயற்கையாகவே வலம்புரிப் பக்கம்தான் சுழலும். அதை வலம்புரி என்று தலையில் கட்டுகிறார்கள். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் சங்கில் மூன்று நான்கு வரம்புகள் தட்டுப்படும், அந்த அமெரிக்க ஓட்டில் வழவழவென்று போகும்.

போன மாசம் ஒருவர் வலம்புரி என்று ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். விரலை விட்டேன், வழுக்கியது. "காசு குடுத்துட்டீங்களா?" என்றேன். பேசாமல் திரும்பச் சுற்றிக்கொண்டார்.