‘ஏழு பேண்ட் கேரண்டி’ என்றால் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினாள். ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 பேண்ட் (அதில் மார்க்கை அப்படித்தான் சொல்கிறார்கள்) வந்துவிட்டது, ரைட்டிங்கில் மட்டும் 6. வீட்டுக்குப் பக்கத்து கோச்சிங் சென்டரில் ‘ரைட்டிங் ஸ்பெஷல்’ என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். மனப்பாடம் செய்ய மாடல் கட்டுரைகள் தருவார்களாம், 7 பேண்ட் கேரண்டியாம். கட்டலாமா? இந்த மார்க்கை எப்படித்தான் போடுகிறார்கள்?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா. முதலில், உங்கள் மகளுக்கு 7 தேவையே இல்லை. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது, ரைட்டிங்கில் 6.5 போதும். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மார்க்கைச் சேர்த்துக் காட்டவும் அது அனுமதிக்கிறது. அப்படிச் சேர்க்கும்போது இரண்டு முறையும் ரைட்டிங் 6-க்கும், மற்றவை 6.5-க்கும் கீழே போகக் கூடாது. ஆகவே அவளுக்குக் குறைவது அரை பேண்ட்தான். இதைச் சொல்லாமல் 7 பேண்ட் என்று விற்கிற இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, மார்க்குக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு விடைகள் எழுத வேண்டும். டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 சொல், டாஸ்க் 2 கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல். டாஸ்க் 2-க்கு இரண்டு மடங்கு மதிப்பு. ஒவ்வொரு விடையையும் நான்கு விதமாகப் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கருத்துகள் கோவையாகப் போகின்றனவா, சொல்வளம் எப்படி, வாக்கியங்கள் பலவகையாகவும் பிழையில்லாமலும் இருக்கின்றனவா. நான்குக்கும் சம மதிப்பு. இலக்கணம் சுத்தமாக இருந்தும் மார்க் ஏறவில்லை என்று பலர் நொந்துகொள்வது இதனால்தான். கேட்டதை விட்டு வேறு எதையோ எழுதியிருந்தால் அந்த ஒன்றே மொத்த மார்க்கையும் கீழே இழுத்துவிடும்.

மாடல் கட்டுரை கவிழ்க்கிற இடமும் அதுதான். ‘அரசு சாலைகளைவிட ரயிலுக்கு அதிகம் செலவிட வேண்டும், எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். ‘இன்றைய நவீன உலகில் இது சூடான விவாதப் பொருள்’ என்று மனப்பாட வரியில் தொடங்கினால், முப்பது சொல் போன பிறகும் ஒப்புக்கொள்கிறாளா இல்லையா என்று தெரியாது. அதே பெண், ‘பயணிகளைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், துறைமுகச் சரக்குக்குச் சாலையும் வேண்டும்’ என்று முதல் பத்தியிலேயே சொல்லட்டும். அப்புறம் எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையை எழுதட்டும். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் திருவொற்றியூர்க்காரர்கள் அந்த வரிசையில் மாட்டாமல் ஊருக்குள் போக முடிவதை எழுதட்டும். சொந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டு தரச் சொல்லிக் கேள்வித்தாளே கேட்கிறது. நம் தெருவில் பார்த்ததை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் அது கேள்வியோடு ஒட்டி நிற்கும். முழுக்க மனப்பாடம் செய்த விடை என்று உறுதியானால் 0 பேண்ட் என்றே விதி இருக்கிறது. கேள்வித்தாளின் வரிகளை அப்படியே எழுதினால் அவை சொல் கணக்கில் சேராது.

எந்தப் பேண்டுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற அளவுகோல் ஐஇஎல்டிஎஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்செடுத்துக்கொண்டு, மகள் எழுதிய ஒரு கட்டுரையோடு அந்த சென்டருக்குப் போங்கள். திருத்தித் தரச் சொல்லுங்கள். நாலு சிவப்பு வட்டமும் ‘குட்’ என்ற ஒரு சொல்லுமாகத் திரும்பி வந்தால் எழுந்து வந்துவிடலாம். நான்கு தலைப்பிலும் எங்கே மார்க் போகிறது, எந்தப் பத்தியைத் திருப்பி எழுத வேண்டும் என்று எழுதித் தந்தால் அந்த ஆசிரியரிடம் பணம் கட்டலாம். வாரத்துக்கு எத்தனை கட்டுரை திருத்துவார்கள், யார் திருத்துவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மார்க் போடுவதில் எந்த கோச்சிங் சென்டருக்கும் கை கிடையாது, ஆகவே கேரண்டி தர யாராலும் முடியாது.

நர்ஸ்களுக்கு ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வும் இருக்கிறது. என்எம்சி அதையும் ஏற்கிறது. அதில் ரைட்டிங் என்பது நோயாளியின் குறிப்புகளைப் படித்து, பெரும்பாலும் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ எழுதும் ஒரு கடிதம். வார்டில் வேலை பார்த்த பெண்ணுக்குப் பொதுக் கட்டுரையைவிட இது கைவரக்கூடும். கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிடக் கூடுதல் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கை மறுமதிப்பீடு செய்யச் சொல்லலாமா? பணம் வீணா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் கேட்கலாம். மார்க் மாறினால் கட்டணம் திரும்ப வரும். மற்ற மூன்றும் நன்றாக வந்து, ரைட்டிங் மட்டும் அரை பேண்ட் குறைந்திருந்தால் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஒரு முழு பேண்ட் வேண்டுமென்றால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக்கு வையுங்கள். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதவும் வழி உண்டு. அந்த மார்க்கை நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முதலில் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கேரண்டி என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஆசிரியர் பாதியில் நின்றுவிட்டார், வகுப்பு நடக்கவில்லை. கேட்டால் ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். நடக்காத வகுப்புக்குப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் கோச்சிங் சென்டர்கள் தவறான உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்திருக்கிறது. ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, முதலில் பணம் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.