அம்பாசடர் மார்க் 2: ‘எல்லாம் ஒரிஜினல்’ என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: 1968-ல் பதிவான அம்பாசடர் மார்க் 2 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘உத்தர்பாரா ஆலையிலிருந்து (அம்பாசடர் தயாரான இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை) வந்தபடியே இருக்கு’ என்று சொல்லி நல்ல விலை கேட்கிறார்கள். பாகங்கள் ஒரிஜினல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் ஒன்றுமே மாறாமல் இருக்காது. எது மாறியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று பாருங்கள்.

ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். அரம் போட்ட கோடு, வரிசை பிசகிய எண் எல்லாம் வெறும் கண்ணுக்குத் தப்பினாலும் தாளில் விழுந்துவிடும். நம்பர் தகட்டில் இருந்தால் ரிவெட்டையும் கவனியுங்கள். பழைய பெயின்டுக்கு நடுவே ரிவெட் மட்டும் பளபளத்தால் தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

இந்த வண்டிக்கு உரியது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் எஞ்சின். டீசல் மலிவாக விற்ற காலத்தில் அதை இறக்கிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சின் ஏற்றிய அம்பாசடர்கள் ஏராளம். இப்போது ‘கிளாசிக்’ என்று விற்பதற்காக, உடைத்த வேறொரு வண்டியின் பெட்ரோல் எஞ்சினைத் தேடி மாட்டுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்; நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. எஞ்சின் மவுண்டிங் அருகே வெட்டி ஒட்டிய வெல்டிங் தழும்பையும் தேடுங்கள். இன்னொன்று: பி.எம்.சி. போல்ட்கள் அங்குல அளவு. 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும் போல்ட் நிறைய இருந்தால், கைக்குக் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. அதனால் துருவை மறைத்த பட்டி வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, பூட் தளம் எங்கும் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பூட் மேட்டைத் தூக்கினால் பழைய நிறமும் தெரியும்.

கிரில்லை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நெருக்கமான கட்டம் போட்ட கிரில் மார்க் 2-உடையது, படுக்கைப் பட்டைகள் மார்க் 3-உடையது. ஆனால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினால் எதையும் வாங்கி மாட்டிவிடலாம். கண்ணாடி மூலையில் உள்ள முத்திரையையும் படியுங்கள்: ஆசாஹி இந்தியா என்ற கண்ணாடி நிறுவனம் 1984-ல்தான் தொடங்கப்பட்டது, அந்த முத்திரை இருந்தால் கண்ணாடி பிறகு போட்டது.

பிரேக் ஹோஸ், ஒயரிங் பழையதாகவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் இருந்தால் பரவாயில்லை. கழற்றிய டைனமோவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்கு வின்டேஜ் பதிவு கிடைக்குமா?

பதில்: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த வேலைக்கான கார் என்றால் ‘வி.ஏ.’ வரிசை எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்த வண்டி இதில் வராது. வி.ஏ. எண் வாங்கிய பிறகு அன்றாடம் ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது.