மூன்று விரல் நுழைகிறதா?

கோத்தகிரி வாசகரே, பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு யூடியூபில் பார்த்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போகாமல் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். அதற்கான பதில் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரியில் இருக்கிறது: பாக்குப் பழக்கம், காரம் பட்டால் வாய் எரிச்சல், வர்க்கி பிஸ்கட்டைக்கூட உடைத்துத்தான் வாயில் போட முடிகிறது.

கண்ணாடி முன் நின்று மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். போனால் சரி. இரண்டுக்கே திணறினால், பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகியிருக்கலாம். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்போம். புற்றுநோயாக மாறக்கூடியது. இதை வாய்ப்புண் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஜெல்லும் வைட்டமினும் வாங்கி ஆறு மாதம் ஓட்டியிருக்கிறீர்களே! பாக்கை இன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.

அப்புறம், மயக்க டாக்டரை முன்கூட்டியே நேரில் பாருங்கள். குரல்வளையைப் பார்த்து டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப், கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப், டியூபுக்குப் பதிலாக வைக்கும் லாரிஞ்சியல் மாஸ்க் எல்லாம் வாய் வழியாகப் போகிறவை. வாய் திறக்காவிட்டால் இவற்றில் எவ்வளவு விலையுள்ள கருவியானாலும் உதவாது. அதற்குத்தான் மெல்லிய, வளையும் ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப். நீங்கள் விழித்திருக்கும்போதே தொண்டையை லிக்னோகெய்னால் மரக்கவைத்து, மூக்கு வழியாக ஸ்கோப்பை விட்டு, அதன் மேலேயே டியூபை இறக்குவார்கள். மயக்கம் அதற்குப் பிறகுதான். நீங்களே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால் அவசரம் கிடையாது. 1967-இல் பீட்டர் மர்ஃபி என்ற மயக்க மருத்துவர் இதைத் தொடங்கியபோது எடுத்தது, பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த ஸ்கோப்! உங்கள் வியாதிக்கு ஒருவகையில் சொந்தம்.

அந்த ஸ்கோப்பும் அதில் பழகிய கையும் உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் கோவைக்கு இறங்குங்கள். மலை உயரத்தில் ஆக்ஸிஜன் போதாதோ என்று பயந்து மட்டும் இறங்க வேண்டாம். கோத்தகிரியைவிட உயரமான ஊட்டியே சுமார் 2,240 மீட்டர்தான். மயக்கத்துக்கு முன் மாஸ்க்கில் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்துவிடுவார்கள். குளிருக்குக் கம்பளி தருவார்கள். பிறகு ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும், தானே போய்விடும்.

பால் டீ, மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தேயிலை ஃபேக்டரிக்காரர் என்று உங்களுக்குச் சலுகை இல்லை.