உண்ட வீட்டுக்கு ரெண்டகம்

கேள்வி: "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே" என்பதில் வரும் ரெண்டகம் என்ன? 'துரோகம்' என்று எழுதினால் போதாதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எழுத்தில் அது இரண்டகம், இரண்டு + அகம். 'இரண்டு' குற்றியலுகரத்தில் முடிவதால், அடுத்து உயிரெழுத்து வந்ததும் உகரம் கெட்டு 'இரண்டகம்' ஆகிறது. அகம் என்றால் வீடும் உண்டு, மனமும் உண்டு. இங்கே மனம்தான்; உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு மனம் வைப்பது. இரண்டு வீட்டில் சாப்பிடுவதைத்தான் பழமொழி சொல்கிறது என்று சிலர் விளக்குவது பொருந்தாது. அப்படியானால் 'வீட்டுக்கு' என்ற நான்காம் வேற்றுமைக்கு அங்கே வேலையே இல்லை.

துரோகம் வடசொல். தீங்கு செய்தலைக் குறிக்கும் 'த்ருஹ்' என்பது அதன் வேர். மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் உகரம் சேர்ந்து 'துரோகம்' ஆனது. ஆயிரம் ஆண்டுகளாக இங்கே புழங்கும் சொல் அது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலானோரைத் 'துரோகிகள்' என்றே அது குறிக்கிறது. அவர்கள் சொத்தோடு உறவினர் சொத்தையும் விற்கச் சொல்கிறது அரசாணை.

இரண்டுக்கும் பொருள் நெருக்கம்தான். ஆனால், இரண்டகத்தில் சோறு தின்ற கடன் தொக்கி நிற்கிறது. வேலை கொடுத்தவர், வளர்த்தவர், அடைக்கலம் தந்தவர் ஆகியோருக்குச் செய்வதே இரண்டகம். எதிரி செய்வதை அப்படி எழுதக் கூடாது; அது சூழ்ச்சி. தனித்தமிழ் எழுத்தாளர்கள் 'நாட்டுக்கு இரண்டகம்' என்று எழுதுவது எனக்குச் சரியாகவே படுகிறது. நாடும் சோறு போட்டதுதானே!

கேள்வி: காவல் நிலையப் புகாரில் 'நம்பிக்கைத் துரோகம்' என்று எழுதலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லால் மட்டும் வழக்கு நிற்காது. சட்டத்தில் அதன் பெயர் நம்பிக்கை மோசடி. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 316, 1.7.2024க்கு முன் நடந்திருந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 405, 406. எந்தப் பொருளை அல்லது எவ்வளவு பணத்தை, எந்தத் தேதியில், எதற்காக ஒப்படைத்தீர்கள், அவர் அதை நேர்மையின்றி என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்தி இருந்தால் நகலை இணையுங்கள். கைமாற்றாகக் கொடுத்த கடன் திரும்பவில்லை என்பது மட்டும் இந்தப் பிரிவில் வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும்.