ஆரி எம்பிராய்டரி வேலைக்கு விளக்கம் கேட்டு மெமோ: 'லீவு நாளில் வீட்டில்தான் செய்தேன்' என்று பதில் எழுதலாமா?

அப்படி எழுதாதீர்கள், அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். அரசு ஸ்டாஃப் நர்ஸ் கூலிக்கு ஆரி பிளவுஸ் போட்டுக் கொடுக்க, 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். லீவு நாள், வீடு என்பதெல்லாம் அப்புறம்தான்.

பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் வார்டுத் தங்கை ஒருத்திக்கு, ரிப்போர்ட் கொடுக்கும் மேசையில் அளவு பிளவுஸ் கவரை வைத்ததே வினையானது. நைட் முடித்த கண்ணோடு கடனுக்காக ஊசி பிடித்தவள். இன்றும் மனசு கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது:

1. மெமோவில் குற்றச்சாட்டு வரியைப் பாருங்கள். 'அனுமதியின்றித் தொழில்' மட்டுமா, 'பணியில் கவனக்குறைவு' என்றும் இருக்கிறதா? இரண்டாவது கனமானது. அதற்கு டியூட்டி ரோஸ்டர், வருகைப் பதிவு நகல்களை இணையுங்கள்.

2. கெடுவுக்குள் பதில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அனுமதி கிடைக்கும்வரை புது ஆர்டர் வேண்டாம்.

ஆரி தொழிலைக் கணவர் பெயருக்கு மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடும்பத்தார் தொழில் செய்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊசி உங்கள் கையில் இருக்கும்வரை அவர் பெயர் காப்பாற்றாது.

எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தொகுப்பூதியத்தில் இருப்பவர் என்றால், நியமன ஆணையின் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். பதிலை அனுப்புமுன் சங்கத்தில் ஒருவரிடம் காட்டுங்கள்.