பூ மரங்கள்: எப்போது, எங்கே? (வாசகர் கேள்வி – பதில்)

பெங்களூரில் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு போனோம். பூவெல்லாம் தரையில் கிடந்தது. எந்த வாரம் போயிருக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

வாரத்தைக் குறித்துக் கொடுக்க முடியாது. நீங்கள் தேடிப்போனது தபேபுயா ரோசியா. வறண்ட காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும் மரம் இது. ஒரு மரத்தில் பூ நன்றாக நிற்பது ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான். நடுவில் ஒரு மழை பெய்தால் அதுவும் போச்சு. ஆனால் எல்லா மரமும் ஒன்றாகப் பூப்பதில்லை. பக்கத்து மரம் அப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். நவம்பர், டிசம்பரில் சில மரங்கள் ஒரு சுற்றுப் பூத்து ஓய்வதும் உண்டு.

ஜனவரி பாதியிலிருந்து மார்ச் பாதிக்குள் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே அறை பதிவு செய்ய வேண்டாம். போகிற வாரத்தில் எடுத்த படம் கிடைத்தால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இணையத்தில் சுற்றுவதில் பாதி, போன வருஷப் படம்.

கப்பன் பூங்காவில் தொடங்குங்கள். ஊதா வழித்தட மெட்ரோவில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூங்காச் சாலைகளில் வண்டி விடுவதில்லை என்பதால் குழந்தைகளோடு நடக்க அதுவே நல்ல நாள். காலை 7 முதல் 9 வரை பாருங்கள். உச்சி வெயிலில் இந்த நிறம் வெளிறித் தெரியும். படத்தில் இன்னும் மோசம். நேரம் மிஞ்சினால் ஜெயமஹால் சாலைப் பக்கமும் போய் வரலாம்.

அதைச் செர்ரி பூ என்கிறார்களே?
– வாசகி, ஓசூர்

செர்ரிக்கும் இதற்கும் உறவே இல்லை. தபேபுயா மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. எல் சால்வடாரின் தேசிய மரம். உதிர்ந்த பூவைக் கையில் எடுங்கள். ஊதுகுழல் வடிவம் இருந்தால் தபேபுயா.

கோடை விடுமுறையில்தான் போக முடியும். மே மாதம் பெங்களூரில் ஏதாவது மிச்சம் இருக்குமா?
– வாசகர், திருச்சி

நிறையவே இருக்கும். தபேபுயா முடிகிற நேரத்தில் ஊதா நிற ஜகரண்டா பூக்கும். அது ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்கள் சிவப்புக் குல்மொஹருக்கும் (நம் ஊர் மே பூ மரம்தான்) மஞ்சள் இயல்வாகைக்கும் உரியவை. பூமருதும் அப்போதுதான் பூக்கும். ஒரே இடத்தில் பல வகை பார்க்க 240 ஏக்கர் லால்பாக் போதும். பச்சை வழித்தடத்தில் லால்பாக் நிலையத்தில் இறங்குங்கள்.

ஒரு மரம் முடிய இன்னொன்று தொடங்கும்படி நட்ட யோசனையை, 1908-இல் பெங்களூருக்கு வந்த ஜெர்மன் தோட்டக்கலை நிபுணர் குரும்பீகலின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் இன்று நகரத் தெருக்களில் நிற்கும் மரங்களில் பெரும்பங்கு 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் காலத்தில் நட்டவை. அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

சரக்கொன்றை, இயல்வாகை இரண்டும் மஞ்சள். தூரத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது?
– வாசகி, சென்னை

கொத்து தலைகீழாகச் சரம் சரமாகத் தொங்கினால் சரக்கொன்றை. மேல் நோக்கி நிமிர்ந்து நின்றால் இயல்வாகை. பூ இல்லாத நாளில் காயைப் பாருங்கள். சரக்கொன்றைக்கு ஓர் அடிக்கு மேல் நீளும் உருண்டையான கறுப்புக் காய். இயல்வாகைக்குத் தட்டையான செம்பு நிறக் காய். இலையில்லாத கிளையில் மஞ்சள் ஊதுகுழல் பூ என்றால் இரண்டுமில்லை, மஞ்சள் தபேபுயா.

வீட்டு வாசலில் மரமல்லி வைக்க ஆசை. வைக்கலாமா?
– வாசகர், மதுரை

வாசம் அருமைதான். இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிரும். அக்டோபர், நவம்பர் விடியற்காலையில் மரத்தடியே வெள்ளையாகக் கிடக்கும். ஆனால் கட்டை நொறுங்கும் தன்மையுள்ளது. காற்றில் கிளை முறியும். வேரிலிருந்து பக்கக் கன்றுகளும் கிளம்பிக்கொண்டே இருக்கும். மின்கம்பி போகும் வாசலுக்கு வேண்டாம்.

சரக்கொன்றை வையுங்கள். விதைத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உப்புத்தாளில் ஓர் ஓரத்தைத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். சுவரிலிருந்து 10 அடி தள்ளி, இரண்டடிக்கு இரண்டடி குழி போதும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்; பிறகு நிறுத்திவிடலாம். தினமும் நனையும் புல்தரை நடுவே வைத்தால் இலைதான் தழைக்கும். பச்சைப் புழு இலையைத் தின்றால் மருந்து அடிக்காதீர்கள். அது மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.