தின்னு பழகுனா எச்சில் மாறுமா?

கேள்வி: எங்க அத்தைக்கு (மாமியார்தான்) 70 வயசு. பாகற்காயோ நெல்லிக்காயோ முகம் சுளிக்காம சாப்பிடுவாங்க, சாப்டதும் வெத்தலை பாக்கும் போடுவாங்க. என் மகன் நாலாங்கிளாஸ், பாகற்காய் ஒரு துண்டு வாயில வச்சாலே துப்பிடுறான். தின்னு பழகுனா எச்சிலே மாறிடும்னு அத்தை சொல்றாங்க, நெசமாவா?
- ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: நெசந்தாங்க. எச்சில்ல கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணிதான், ஆனா மிச்சம் இருக்குற அந்த துளியூண்டுலதான் சமாச்சாரமே இருக்கு. நெல்லிக்கா, வாழைப்பூ, கடுந்தேயிலை இதெல்லாம் நாக்கை இழுத்துப் பிடிக்குதுல்ல, அதுக்குக் காரணம் டானின்ங்கிற துவர்ப்புப் பொருள். எச்சில்ல புரோலின்ங்கிற அமினோ அமிலம் நிறைய உள்ள ஒரு வகை புரோட்டீன் இருக்கு, அது டானினைப் புடிச்சுக்கும். எலிகளுக்கு டானின் கலந்த தீனி போட்டுப் பாத்ததுல சில நாள்லயே எச்சில் சுரப்பி பெருசாகி இந்த புரோட்டீன் தாராளமா சுரந்துச்சு. மனுசங்கள்லயும் அமெரிக்காவுல பர்டூ யுனிவர்சிட்டில கசப்பு சாக்லேட் கலந்த பாதாம் பாலை தினம் மூணு வேளை குடிக்க வச்சு பாத்தாங்க, எச்சில்ல புரோட்டீன் மாற மாற கசப்பும் துவர்ப்பும் கம்மியா தெரிஞ்சிருக்கு. அதனால பையனை அடிச்சு திணிக்காதீங்க, சின்ன வயசுல கசப்பு நம்மளை விட தூக்கலாத்தான் தெரியும், மெல்லிசா நறுக்கி மொறுமொறுன்னு வறுத்து ரெண்டே ரெண்டு துண்டு, வாரத்துல மூணு நாலு நாள் தட்டுல வைங்க, போதும்.

வெறும் சோறு ஒரு கவளம் வாயில போட்டு முழுங்காம ஒரு நிமிசம் மென்னுட்டே இருக்கச் சொல்லுங்க, லேசா இனிக்கும். எச்சில்ல இருக்குற அமிலேஸ்ங்கிற என்சைம் மாவுச்சத்தை உடைச்சு சர்க்கரையாக்குற வேலை அது. தலைமுறை தலைமுறையா சோறு, கிழங்குன்னு மாவுச்சத்து அதிகம் தின்ன ஜனங்களுக்கு இந்த அமிலேஸுக்கான மரபணு சராசரியா கூடுதல் பிரதிகள்ல இருக்குன்னு 2007ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. இது பொறப்புலயே வர்றது, பாகற்காய் மாதிரி பழகி வர்றது இல்ல.

ஆனா எனக்கு இதை விட பெரிய கவலை இடையில இடையில உள்ள போற இனிப்புதான். கடை டீயோ ஜிகர்தண்டாவோ, இனிப்பு உள்ள போனதும் வாயில இருக்குற கிருமி அதைத் தின்னு அமிலம் விடும், வாயோட பி.எச். (இந்த அளவு குறையக் குறைய அமிலம் கூடுதல்னு அர்த்தம்) 5.5க்கு கீழ போனா பல்லு மேல்பூச்சு கரைய ஆரம்பிச்சிடும், எச்சில் அதை சரி பண்ண அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அடுத்த மிட்டாய் போனா பாவம் எச்சில் என்னதான் செய்யும்? இனிப்பை சாப்பாட்டோட சேத்து ஒரே தடவையா குடுத்துடுங்க.

அப்புறம் அத்தை விசயம். உங்க ஊர் வெத்தலைக்கு நான் எதிரி இல்ல, ஆனா பாக்கை விட்டுடச் சொல்லுங்க, ப்ளீஸ். புகையிலை சேக்காட்டியும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே தெளிவா சொல்லிடுச்சு. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தாலும், முன்ன மாதிரி வாயை அகலமா தொறக்க முடியலைன்னாலும், நாள் கடத்தாம இந்த வாரமே பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.